உதட்டுக்குப் பொருந்திய வரி

அத்தியாயம் 9

முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள்.

ஏழாவது கேள்வி அது. "ஒரு பிரபலம் விளம்பரத்தில் சொன்னார் என்பதற்காக நான் ஒரு பொருளை வாங்கியிருக்கிறேன்." அதற்கு நேரே ஐந்து கட்டங்கள். இருபத்தெட்டுப் பேரும் தேடிப் பிடித்து அடித்திருந்தது கடைசிக் கட்டத்தில். ஒருபோதும் இல்லை.

சிட்டுவின் அத்தையும் அந்த இருபத்தெட்டில் ஒருத்தி. அதே அத்தைதான் போன வாரம், ஒலிப்பதிவுக் கருவி மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்க, தலைகீழாக வேறொன்றைச் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கேட்டாள். "உன்னைத் தவிர இதை யாரும் கேட்கக் கூடாதுடி. முக்கியமா உங்கப்பா." சிட்டுவும் கொடுத்தாள்.

சிட்டு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். வெளியே அவள் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. சினிமாக்காரரும் விளையாட்டுக்காரரும் வந்து "இதை வாங்குங்கள்" என்றால் ஜனங்கள் ஏன் வாங்குகிறார்கள், யாரை நம்பி வாங்குகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. எதை ஆராய்வது என்பதில் குழப்பம் இல்லை. எப்படி ஆராய்வது என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி.

முப்பது பேரிடம் சோதித்துப் பார்த்த வினாத்தாளை முந்நூறு பேரிடம் கொடுத்துக் கணக்கெடுப்பதா? பத்துப் பேரை எதிரே உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவைப்பதா? அல்லது ஒரே விளம்பரத்தை நடிகர் முகத்தோடு ஒரு கூட்டத்துக்கும், ஊர் பேர் தெரியாத முகத்தோடு இன்னொரு கூட்டத்துக்கும் போட்டுக் காட்டி வித்தியாசம் பார்ப்பதா?

இன்று மாலை நாலு மணிக்குள் ஒரே ஒரு பக்கத்தில் முடிவைச் சொல்லியாக வேண்டும். தவறினால் ஆய்வுக் குழு மறுபடி கூட ஆறு மாதம் ஆகும்.

அதனால்தான் அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்க, அப்பா எழுந்திருக்கும் முன்பே, ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் காலை எட்டரை மணிக்கே பேராசிரியையின் அறை வாசலில் போய் நின்றாள் சிட்டு.

பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் தராசு. எதைச் சொன்னாலும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

"உட்காரு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? தூங்கலையா?"

"தூங்கினேன் மேடம். கனவுலயும் ஏழாவது கேள்விதான் வந்தது."

"பரவாயில்லையே. என் கனவுல உன்னோட நாப்பத்திரண்டு வாக்கியமும் வரிசையா வந்து நிக்குது." தராசு வினாத்தாளைப் புரட்டினார். "நடிகர் அழகா இருக்கார், நேர்மையா இருக்கார், அவருக்கு இந்தப் பொருளைப் பத்தி விஷயம் தெரியும்... எல்லாம் முறையாத்தான் இருக்கு. அப்புறம் என்ன குறை?"

"ஒருபோதும் இல்லைன்னு டிக் அடிச்சவங்க வீட்டுக்குப் போனேன் மேடம். அலமாரி பூரா நடிகர் படம் போட்ட டப்பா."

"அப்போ பொய் சொல்றாங்க."

"பொய் இல்லை மேடம். வெட்கம். நான் ஏமாந்தேன்னு யாரு எழுதிக் கொடுப்பாங்க?"

தராசு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்கு ஒரு பேச்சு பிடித்துப்போனால் அப்படித்தான் செய்வார்.

"சரி. வெட்கத்தை எந்த அளவுகோலால அளக்கப் போறே?"

"அதான் பேச வச்சுப் பார்த்தேன். ஒருத்தர்கிட்ட."

"யாரு?"

சிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டாள். "எங்க அத்தை."

"அடிப்பாவி! சொந்தக்காரங்களையா பிடிச்சுப் போட்டே? அவங்க உன்கிட்ட பேச மாட்டாங்கம்மா. உங்கப்பா பொண்ணுகிட்டதான் பேசுவாங்க. ரெண்டும் வேற வேற."

"தெரியும் மேடம். சும்மா பழகிப் பார்க்கத்தான் போனேன். ஆனா அவங்க சொன்னது..."

பெயர், ஊர் என்று எதையும் தொடாமல் மேலோட்டமாகச் சொன்னாள். சர்க்கரை நோய்க்கு ஒரு மூலிகைப் பொடி. பெரிய நடிகர் ஒருவர் அந்த டப்பாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாத்திரையை மறந்துடுங்க என்று விளம்பரத்தில் சொன்னார். ஒரு மனைவி அதை நம்பித் தன் கணவருக்கு மாத்திரையை நிறுத்தினாள். எட்டு மாதம். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து அவருக்குப் பார்வை போய்விட்டது. ஆறு வருஷமாக அந்த மனைவி ஊரெல்லாம் சொல்லிவருவது, "அவர்தான் அலட்சியமா மாத்திரையை விட்டுட்டார்" என்பது.

இவ்வளவுதான் பேராசிரியையிடம் சொன்னாள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அந்த நடிகருக்கு நம் மொழி வராது. திரையில் முகம் அவருடையது, குரல் வேறொருவருடையது. முப்பது வருஷமாக அந்த நடிகருக்குக் குரல் கொடுத்துவருகிறவர் சிட்டுவின் அப்பா. தெருவில் அவருக்குப் பெயரே குரல்காரர்தான்.

அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த நடிகன் சொன்னா நான் வாங்குவேனா? அவன் யாரோ, எவனோ. அது எங்க அண்ணன் குரல்டி. சின்ன வயசுலருந்து எங்க அண்ணன் என்கிட்ட பொய் சொன்னதில்லை. அந்தக் குரல் மாத்திரையை மறந்துடுன்னு சொன்னா, நான் மறந்துடுவேன்."

அதை நினைத்தாலே சிட்டுவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. குரல்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நாற்பத்திரண்டு வாக்கியம் எழுதியிருக்கிறாள். முகத்தைப் பற்றி, அழகைப் பற்றி, நேர்மையைப் பற்றியெல்லாம். குரலைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இல்லை.

தராசு கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "இதுதான் உன் ஆராய்ச்சி," என்றார். "எத்தனை பேருன்னு தெரியணும்னா வினாத்தாள் போதும். ஏன்னு தெரியணும்னா பக்கத்துல போய் உட்கார்ந்துதான் ஆகணும். நேர்காணல்னு எழுது. இவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கி, முதல் பேட்டியா இதையே சேர்த்துக் கொடு. குழுவுல ஒருத்தர் வாய் திறக்க மாட்டாங்க."

"அவங்க சம்மதிக்க மாட்டாங்க மேடம்."

"கேட்டுப் பாரு. பதிவைப் பத்திரமா வச்சிருக்கேல்ல?"

"வச்சிருக்கேன் மேடம். ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருந்தது. நேத்து சாயங்காலம் அப்பா கம்ப்யூட்டர்ல போட்டு அதை எடுத்துட்டு..."

பாதி வாக்கியத்தில் சிட்டுவின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவின் கணினியில் "இன்றைய வேலை" என்று ஒரு இடம் உண்டு. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற மாதிரி ஒலியெல்லாம் அதில்தான் வந்து விழும். சத்தம் நீக்குகிற செயலியும் வேலை முடிந்ததும் கோப்பை அங்கேயேதான் போடும். காலையில் எழுந்து பல் விளக்கியதும் அப்பா முதலில் திறப்பது அதைத்தான். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் தெரிந்த மாதிரி, இதுவும் அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே கிடந்ததை அழிக்க மறந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை மேடம். நாலு மணிக்குள்ள பக்கம் வந்துடும்."

படியில் இறங்கினாளா உருண்டாளா என்று அவளுக்கே தெரியாது.

*

வீட்டில் பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. சுவரெல்லாம் பஞ்சுப் போர்வை தொங்கவிட்டு, கதவுக்கு மெத்தை அடித்து, அதையே அப்பா தன் ஒலிப்பதிவு அறையாக ஆக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காதில் மாட்டுகிற கருவி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சவரம் செய்யவில்லை.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் சிட்டு. வேறு எதைக் கேட்பது?

"ஃபேன் சத்தத்தை நல்லா எடுத்திருக்கே," என்றார் அப்பா. "கொஞ்சம் அதிகமாவே எடுத்துட்டே. மூச்சும் சேர்ந்து போயிடுச்சு. உங்க அத்தை பேசும்போது நடு நடுவுல ஒரு மூச்சு இழுப்பா. இதுல அது இல்லை."

சிட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் கேட்டீங்க?"

"நாப்பத்தாறு நிமிஷமும். மூணு தடவை."

"அப்பா, நான் அழிச்சிருக்கணும். மறந்துட்டேன்பா. யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்னு அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என் தப்பு."

"உன் தப்புதான்," என்றார் அப்பா. கோபமில்லை. மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி சொன்னார். "ஆனா அது சின்னத் தப்பு. அங்க ஒரு இடத்துல அவ சொல்றாளே, அதைக் கவனிச்சியா?"

எந்த இடம் என்று சிட்டுவுக்குக் கேட்காமலே தெரிந்தது. முப்பத்தெட்டாவது நிமிடம். "அண்ணனை நான் தப்பு சொல்லலைடி. எழுதிக் கொடுத்ததைப் படிச்சான், பாவம். அவனுக்கு என்ன தெரியும்? நான்தான் போன் போட்டு, ஏண்ணா இது நிஜமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கலை."

அப்பா எழுந்து மேஜைமேல் இருந்த கைபேசியை எடுத்தார். யாரையோ அழைத்தார். "இன்னிக்கு ரெண்டு மணி ரெக்கார்டிங் முடியாதுங்க. தொண்டை சரியில்லை... ஆமாங்க, முதல் தடவைதான்." வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"அந்தச் சம்மதத் தாள் வச்சிருப்பியே, அதை எடு."

"எதுக்குப்பா?"

"உன் ஆராய்ச்சிக்கு ஆள் வேணுமில்ல? என்னைக் கேளு. அந்தக் கருவியைப் போடு."

"வேண்டாம்பா."

"போடு சிட்டு. எனக்கு மைக் இல்லாம உண்மை பேசி வழக்கமில்லை."

நகைச்சுவையாகத்தான் சொன்னார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டார். சிட்டு கருவியை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. அவள் குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வந்தது.

"விளம்பரங்களில் பிரபலங்கள் தோன்றுவதைப் பற்றி உங்கள் கருத்து..."

"அதெல்லாம் விடு. நானே சொல்றேன்." அப்பா கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொடி விளம்பரம். நடிகர் டப்பாவைத் தூக்கிக் காட்டிட்டு அவர் மொழியில ஒண்ணு சொல்றார். சின்ன வாக்கியம். நமக்கு மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தது, டாக்டர் தந்த மருந்தோட இதையும் சேர்த்துக்கோங்க, அப்படின்னு. நீளம். நான் மருந்துக்கிட்ட வர்றதுக்குள்ள அவர் வாயை மூடிடறார். நாலு தடவை எடுத்தாச்சு. உட்காரவே மாட்டேங்குது. டைரக்டர் தலையில கையை வச்சுட்டார்."

"அப்புறம்?"

"அவர் உதட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல்ல ஒரு தடவை மூடுது. நடுவுல ஒரு தடவை மூடுது. அவ்வளவுதான். ரெண்டு இடத்துல உதடு சேரணும், சட்டுனு முடியணும். நான்தான் சொன்னேன், இப்படி வச்சுக்கலாமான்னு."

அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாத்திரையை மறந்துடுங்க. சிட்டு வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அவள் உதடுகள் இரண்டு தடவை சேர்ந்து பிரிந்தன.

"அதை யாரும் எழுதிக் கொடுக்கலையாப்பா?"

"யாரும் கொடுக்கலை. நானே கட்டினது. அச்சு மாதிரி உட்கார்ந்துச்சு. ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னவங்க எல்லாம் கை தட்டினாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். அவ்வளவு பெருமை."

ஆராய்ச்சி மாணவி கேட்கக் கூடாத ஒரு கேள்வி உண்டு. எதிரே இருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கேள்வி. தராசு அதைப் பத்துத் தடவையாவது படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். சிட்டு அதைத்தான் கேட்டாள்.

"அர்த்தமே மாறுதேன்னு உங்களுக்குத் தோணலையாப்பா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உதட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்மா."

சிட்டு கருவியை அணைத்தாள். அப்பா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. பேசிக்கொண்டே போனார்.

"கண் ஆஸ்பத்திரி வராந்தாவுல மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ரெண்டு கண்ணுலயும் கட்டு. நான் போய் நின்னு, மாத்திரையைக்கூட ஒழுங்கா சாப்பிடத் தெரியாதா மாப்பிள்ளைன்னு திட்டினேன். நாலு பேர் முன்னாடி. அவர் ஒரு வார்த்தை பேசலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டார். உங்க அத்தை சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா. எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து வாயைக் கட்டிக்கிட்டிருக்காங்க. ஆறு வருஷம்."

"அத்தைகிட்ட போய்ச் சொல்லிடுங்கப்பா."

"சொன்னா? எழுதிக் கொடுத்ததைப் படிச்சான்னு எனக்காக அவ ஒரு சமாதானத்தைக் கட்டி வச்சிருக்கா. அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் என்னை இன்னும் அண்ணான்னு கூப்பிடறா. அதையும் இடிச்சுப் போடச் சொல்றியா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். அவள் சரிசெய்யப் போனாள். அவர் கையை விலக்கினார்.

"நான் சொன்னதும் உன்னோட இருக்கட்டும். நடந்துட்டு வரேன்."

*

கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

சிட்டு தன் மேஜையில் உட்கார்ந்து வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு பதிவுகள். ஒன்று, கேட்டு நம்பியவள் சொன்னது. மற்றொன்று, சொல்லி நம்பவைத்தவர் சொன்னது. உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் ஒரே வீட்டில் இப்படி ஒரு ஜோடி வாய்த்திருக்காது. விரல் துறுதுறுத்தது. அப்படித் துறுதுறுத்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அத்தை முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். "எனக்கு என்னடி தெரியும், படிச்சவங்களைப் போய்க் கேளு" என்று நழுவினாள். சிட்டுதான் விடவில்லை. "எனக்காக அத்தை, எனக்காக ஒரு அரை மணி நேரம்" என்று கொஞ்சினாள். கொஞ்சி வாங்கிய பேச்சு அது. அதைப் போய் அண்ணன்காரர் காதில் விழும்படி போட்டுவிட்டு வந்தாள்.

எழுத ஆரம்பித்தாள்.

"தேர்ந்தெடுத்த முறை: ஆழ்ந்த நேர்காணல். விளம்பரத்தில் முகத்தோடு குரலும் நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கையை வினாத்தாளின் கட்டங்களில் பிடிக்க முடியவில்லை."

இது சுலபமாக வந்துவிட்டது. அடுத்த வரிக்குத்தான் அரை மணி நேரம் பிடித்தது.

"இதுவரை எடுத்த இரண்டு நேர்காணல்களையும் பயன்படுத்தப் போவதில்லை. காரணம், ஆய்வாளர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை."

மாதிரிப் பேட்டி இல்லாமல் குழு ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆறு மாதம் போகலாம். இருந்தாலும் அனுப்பினாள். அப்பா கணினியில் இருந்ததை அழித்தாள். தன் பையில் இருந்ததை மட்டும் அழிக்கவில்லை. அதை அழிக்கவோ வைத்துக்கொள்ளவோ அத்தைதான் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு, அவள் முன்னாலேயே அழித்துவிடலாம் என்று புறப்பட்டாள். அப்பா சொன்னதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று பேருந்தில் நாலைந்து தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அத்தை வீடு இரண்டாவது மாடி. ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிறுத்தம். மாமா இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். கண் போனபிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தத் தடத்து வண்டி, எந்த டிப்போ, கிளட்சை எவன் கெடுத்தான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கதவு சாத்தியிருக்கவில்லை. தள்ளிக்கொண்டு நுழைந்த சிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலோர நாற்காலியில் மாமா. அவருக்கு எதிர் நாற்காலியில் அப்பா. அடுப்படி வாசலில், கையில் ஈரத் துணியோடு அத்தை.

"சிட்டுதானே?" என்றார் மாமா முகம் மலர்ந்து. "நடையே சொல்லுதே. ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி வந்திருக்கே. நல்லவேளை வந்தே. எதிர்ல யாரோ வந்து உட்கார்ந்திருக்காங்க. செருப்பைக் கழட்டினாங்க, நாற்காலியை இழுத்தாங்க, மூச்சுகூட விடறாங்க. யாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. உங்க அத்தையும் கூடச் சேர்ந்து கண்ணாமூச்சி ஆடறா. நீயாவது சொல்லு, யாரு?"

சிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"மச்சானா இருக்குமோன்னு பார்த்தேன்," என்று மாமா தானே சொல்லிக்கொண்டார். "ஆனா அவர் வந்தா கீழ் மாடியிலயே கச்சேரி ஆரம்பமாயிடும். அவரால இவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியாது."

அத்தையின் கண்கள் அண்ணனை விட்டுச் சிட்டுவிடம் வந்தன. அங்கேயே நின்றன. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள் அத்தை மெதுவாக.

"அத்தை, வேணும்னு செய்யலை அத்தை. அப்பா கம்ப்யூட்டர்ல..."

"ஒண்ணே ஒண்ணு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கையிலிருந்த துணியை அத்தை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதைத்தான் சிட்டுவால் பார்க்க முடியவில்லை.

"அவளைச் சொல்லாதேம்மா," என்றார் அப்பா.

குரல் கம்மிப்போய், தேய்ந்து, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. மாமா சட்டென்று தலையைத் திருப்பினார்.

"யாரு அது?"

மாமா அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஏய், யாருடி இது? எனக்குத் தெரியாத குரலா இருக்கே!"

"எங்க அண்ணன்ங்க," என்றாள் அத்தை.

"மச்சானா?" மாமா கையை நீட்டிக் காற்றில் துழாவினார். அப்பாவின் முழங்கால் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டார். "என்ன மச்சான் இது, உடம்பு சரியில்லையா? குரல் இப்படிப் போயிருக்கு? உங்க சொத்தே அதுதானே!"

"மாப்பிள்ளை," என்றார் அப்பா. "அந்தப் பொடி விளம்பரத்துல ஒரு வரி வரும். அதை எழுதினது..."

"அண்ணா." அத்தை குறுக்கே வந்தாள். "நில்லு."

துணியை அடுப்படித் திட்டில் வைத்துவிட்டு வந்தாள். சிட்டுவின் தோளில் கைவைத்து வாசல் பக்கம் திருப்பினாள். பிடி இறுக்கமாக இல்லை. ஆனாலும் மீற முடியவில்லை.

"நீ வெளியில இரு."

"அத்தை, நானும்..."

"இது உன் ஆராய்ச்சி இல்லைம்மா. எங்க வீட்டு விஷயம்."

கதவு சாத்திக்கொண்டது. இந்தத் தடவை தாழ்ப்பாளும் விழுந்தது.

சின்ன வயசிலிருந்து ஓடிப்போய் ஏறி இறங்கிய வீடு அது. அந்த வாசலில் அவள் காத்து நின்றது இதுவே முதல் முறை.

பையில் கைபேசி அதிர்ந்தது. தராசு. "பக்கம் வந்தது. ஐந்து மணிக்குக் கூட்டம். எந்த வாக்கு, யாருக்குக் கொடுத்தது என்று கேட்பார்கள். நீ வந்து சொல்வாயா?" சிட்டு படித்தாள். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே அப்பா பேச ஆரம்பித்திருந்தார். வார்த்தை எதுவும் பிரிந்து கேட்கவில்லை. ஏற்ற இறக்கம் இல்லை, இழுத்துப் பிடித்து நிறுத்துகிற அழகு இல்லை. எந்த நடிகர் உதட்டுக்கும் பொருந்தாத ஒரு பேச்சு, தடுக்கித் தடுக்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு பேருந்து வந்து நின்றது, போயிற்று. இன்னொன்று வந்தது. இரண்டுக்குமே மாமா வாய் திறக்கவில்லை.

பிறகு அப்பாவின் குரலும் நின்றது.

இப்போது அத்தை பேச வேண்டும். இல்லை, மாமாவாவது ஏதாவது சொல்ல வேண்டும். சிட்டு எழுந்து போய்க் கதவில் காதை வைத்தாள்.

ஒரு நாற்காலி நகர்ந்தது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.